மல்லி அத்தரா, வெட்டிவேர் அத்தரா?
நாகூர் தர்கா பக்கத்துக் கடையில வாங்குன ரெண்டையும் கைக்கு ஒண்ணா தடவிப் பாத்தேன். மல்லி போட்ட உடனே தூக்கும், ஆனா நம்ம டெல்டா புழுக்கத்துல வேர்வையோட சேர்ந்து சீக்கிரமே திகட்டிடுது, பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரங்க மூக்க சுளிக்கிறாங்க (நியாயந்தான்). அத்தருக்குப் பேர்போன உத்தரப் பிரதேச ஊரு கன்னோஜ்ல பழைய முறைப்படி செம்புப் பானையில வடிச்சு சந்தன எண்ணெய்ல இறக்குற மல்லி வேற ரகம், அது விலை நமக்குக் கட்டாது.

வெட்டிவேர் முதல்ல பச்சையா, லேசா கசப்பா, என்னடா இதுன்னுதான் இருக்கும், ஆனா அந்த எண்ணெய் கனமானது, மெதுவாத்தான் ஆவியாகும், அதனால சாயங்காலம் மணிக்கட்ட மோந்தா வாய்க்கால்ல புதுத்தண்ணி வந்த அன்னிக்கு அடிக்கிற ஈர மண்ணு வாசம் மாதிரி, அடடா! தினப்படிக்கு என் ஓட்டு இதுக்குத்தான், மல்லி கல்யாணத்துக்கு மட்டும். ரெண்டையும் வெள்ளை வேட்டியில பட விடாதீங்க, எண்ணெய்க் கறை லேசுல போகாது.