ஸ்கோலியோசிஸ்: பிரேஸ் இல்லாமல் பவர் டேபிளில் சில வருடங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைப்பது என் வேலை. முப்பது வயதைத் தாண்டியபின் இடுப்பு வலிக்காக எடுத்த எக்ஸ்ரேயில்தான் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருப்பது தெரியவந்தது. வளைவின் அளவைக் காட்டும் காப் கோணம் 24 டிகிரி. பத்து டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்று கணக்கில் எடுப்பார்கள். வளைவு கூடாமலிருக்க உடம்பைச் சுற்றி அணியும் பிரேஸ், பெரும்பாலும் 25 முதல் 40 டிகிரி வரை வளைவுள்ள, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு உரியது. அறுவை சிகிச்சையைப் பற்றிய பேச்சு 45, 50 டிகிரியை ஒட்டித்தான் எழும். எலும்பு வளர்ச்சி முடிந்துவிட்ட எனக்கு இரண்டும் வேண்டியதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், உட்காரும், நிற்கும், படுக்கும் முறைகளை மாற்றிக்கொண்டே இத்தனை வருடங்களை ஓட்டி வருகிறேன்.

இந்தப் பழக்கங்களால் வளைவு நிமிராது. எலும்பு பக்கவாட்டில் சாய்வதோடு முள்ளெலும்புகள் திருகியும் நிற்பதால், எவ்வளவு விறைப்பாக உட்கார்ந்தாலும் அந்தத் திருகல் போவதில்லை. அதேபோல, கூனி உட்கார்ந்ததாலோ ஒற்றைத் தோளில் பை மாட்டியதாலோ இது வருவதுமில்லை. பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்றே கண்டறிய முடிவதில்லை. "நேரா நில்லு அம்மிணின்னு அப்பவே சொன்னனல்லோ" என்று இன்றைக்கும் சொல்லும் என் அம்மாவிடம் இதை விளக்கி நான் ஓய்ந்துவிட்டேன்.

எனக்குப் பெரிய மாற்றத்தைத் தந்தது உடற்பயிற்சியைவிட இருக்கைதான். பவர் டேபிளில் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபூட்டைத் தூக்கும் முழங்கால் லிவர் வலப்பக்கம் இருப்பதால், நாள் முழுவதும் உடம்பின் பாரம் இடப்புட்டத்தில் சாய்ந்துவிடுகிறது. வெட்டிய துணிக் கட்டான கட்டிங் பண்டலை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பீஸுக்கும் இடுப்பு திரும்ப வேண்டியும் இருக்கிறது. ஏற்கெனவே திருகி நிற்கும் முதுகுக்கு இந்த இரண்டும் சேர்ந்தால், சாயங்காலம் ஒரு பக்கத் தசை மட்டும் கயிறாக இறுகிப்போகும். மெக்கானிக்கிடம் சொல்லிப் பெடலை நடுவுக்கு நகர்த்தி, இரண்டு பாதங்களையும் அதன்மேல் வைத்துக்கொண்டேன். முதுகு சாய இடமில்லாத ஸ்டூலுக்குப் பதிலாக, முழங்கால் இடுப்பைவிடச் சற்றே தாழ்ந்திருக்கும் உயரத்தில் சாய்வுள்ள நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டேன். பண்டல் இப்போது கைக்கு நேர் முன்னால் இருக்கிறது. பாபினில் அடிநூல் தீரும்போதெல்லாம் எழுந்து நின்று இரண்டு கைகளையும் மேலே நீட்டிவிட்டு உட்காருகிறேன். கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய அவசியமில்லாத பழக்கம் என்பதால் இதுதான் நிலைத்தது. பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களுக்கு இதனால் கொஞ்சம் கூலி குறையும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

படுக்கும்போது ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்கிறேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்குவதை விட்டு, இரண்டு சிறு வாளிகளில் பாரத்தைப் பிரித்து எடுக்கிறேன். முதுகு நேராக்கும் என்று ஆன்லைனில் விற்கும் தோள் பெல்ட் எனக்குக் கொஞ்சமும் பயன்படவில்லை. வேர்வையில் அரிப்பு வந்ததுதான் மிச்சம்.

பயிற்சிகளில், பிசியோதெரபிஸ்ட் கண்ணாடி முன் நிறுத்திக் கற்றுத்தந்த ஷ்ராத் முறையைச் செய்து வருகிறேன். தமக்கே இந்த வளைவு இருந்த கத்தரீனா ஷ்ராத் என்ற ஜெர்மானியப் பெண்மணி 1920-களில் வளர்த்தெடுத்த முறை அது. வளைவின் உட்புறம் ஒடுங்கியிருக்கும் விலாப்பக்கத்துக்கு மூச்சைச் செலுத்தி விரிப்பதே அதன் அடிப்படை என்பதால், வளைவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் வீடியோவைப் பார்த்துச் செய்வது எதிர்ப்பக்கமாகப் போய்விடக் கூடும். முதலில் சில முறையாவது நேரில் கற்றுக்கொள்வதற்குச் செலவழிப்பதே நல்லது.

பின்னர் எடுத்த எக்ஸ்ரேயில் 22 டிகிரி என்று வந்தபோது, வளைவு குறைந்துவிட்டதாகக் கம்பெனித் தோழிகள் சந்தோஷப்பட்டார்கள். அளக்கும்போதே ஐந்து டிகிரி வரை முன்பின் வரலாம் என்பதால், நான் அதைக் குறைந்ததாகக் கொள்ளவில்லை. வளர்ச்சி முடிந்தபின் 30 டிகிரிக்கு உட்பட்ட வளைவு பொதுவாகக் கூடுவதும் இல்லை. 50-ஐத் தாண்டியவைதான் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் கூடிக்கொண்டே போகலாம். ஆகவே வளைவு கூடாமல் நின்றதற்கு என் நாற்காலியைப் பாராட்ட முடியாது. சாயங்கால வலி குறைந்ததும், வலி மாத்திரை எப்போதாவதுதான் தேவைப்படுகிறது என்பதும் மட்டுமே அதன் கணக்கில் சேரும்.

வளரும் பிள்ளைகளின் விஷயம் முற்றிலும் வேறு. 2013-ல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில், பிரேஸ் அணிந்த பிள்ளைகளில் 72 சதவீதத்தினருக்கும், அணியாமல் கவனித்துவந்தவர்களில் 48 சதவீதத்தினருக்கும் வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளைச் சில மாதங்களுக்கொருமுறை முன்னால் குனியச் சொல்லி, முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறதா என்று பார்க்கிறேன். அப்படித் தெரிந்தால் நேரே எலும்பு மருத்துவரிடம்தான் அழைத்துப் போவேன். அவர் பிரேஸ் போடச் சொன்னால் போடுவோம். பெரியவர்களுக்கும் கால் மரத்துப்போவது, பலம் குறைவது, தூக்கத்தைக் கெடுக்கும் இரவு வலி, மூச்சு வாங்குவது ஆகியவற்றில் ஏதேனும் வந்தால், நான் எழுதிய எதையும் செய்து பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.