மாத வாடகைக்குக் காரைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

"வண்டி சும்மாதானே நிக்குது, மாத வாடகைக்குக் கொடுங்க, ஒண்ணாந்தேதி ஆனா பணம் அக்கவுண்ட்ல ஏறிடும்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், சாவியை எடுத்து நீட்டுவதற்கு முன் இதை ஒருமுறை படியுங்கள். எனக்கு இது திருப்பூரில் நடந்தது. கோவை, ஈரோடு, சேலம் என்று பல ஊர்க்காரர்களிடமும் இதே கதையைக் கேட்டுவிட்டேன். ஆள் பெயரும் கடைப் பெயரும் மாறுகின்றன, செய்கிற விதம் மாறுவதே இல்லை.

எங்களுடையது வெள்ளை நிற ஸ்விஃப்ட் டிசையர். 2017-இல் ஐந்து வருடக் கடனில் வாங்கியது. எங்கள் வீட்டில் யாரும் அதற்கு முன் கார் வைத்திருந்ததில்லை. அப்பா பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தவர், வேலைக்குப் போனதெல்லாம் சைக்கிளில்தான். கார் வந்த பிறகு தினமும் விடிந்ததும் பனியன் வேஸ்ட் துணியை நனைத்துப் பிழிந்து கண்ணாடி, பானெட், கதவு என்று ஒவ்வொன்றாகத் துடைப்பார். டயர் ஓரத்தில் இருக்கும் சேறுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. பின்கண்ணாடியின் இடது மூலையில் என் மகள் ஒரு நீல வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கரை ஒட்டினாள். அதை எடுக்கவே கூடாது என்று அப்பாதான் சொன்னார். அந்த வண்டி எங்களுக்கு என்னவாக இருந்தது என்று புரிவதற்காக இதைச் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வெளிநாட்டு ஆர்டர்கள் ரத்தாயின, தைத்த சரக்கு குடோனில் கிடந்தது. எனக்குப் பாதிச் சம்பளம். ரிசர்வ் வங்கி கொடுத்த தவணைச் சலுகை ஆகஸ்ட் 31-உடன் முடிந்தது. வட்டி மட்டும் அந்த மாதங்களிலும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. செப்டம்பரில் இ.எம்.ஐ. திரும்பத் தொடங்கியபோது வீட்டு வாடகை, அம்மாவின் மாத்திரை, மகளின் ஆன்லைன் வகுப்புக்கு போன் என்று எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆள் வந்தான். இவர்கள் எல்லா வீட்டுக்கும் போவதில்லை. யார் கையில் காசில்லை, யார் வாசலில் கார் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் மூலமாகவே அறிமுகம். "அண்ணா, கம்பெனி ஆளுங்களக் கூட்டிட்டு வர வண்டி தேவைப்படுதுங்க. பஸ்ல வர எல்லாரும் பயப்படுறாங்க. நம்ம வீட்டு வண்டியாட்டப் பாத்துக்கறேனுங்க" என்றான். மாதம் 18,000 ரூபாய், முன்பணம் ஒரு மாதம், 20 ரூபாய் பத்திரத்தில் ஒப்பந்தம். மெயின் ரோட்டில் ஏசி போட்ட அலுவலகம், சுவரில் சாமி படம், மேஜையில் கம்ப்யூட்டர். வண்டி திருப்பூர், கோவையைத் தாண்டாது என்று வாய்வார்த்தை. அப்பாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஆனால் கடன் அடைய வேண்டுமே என்று அவரும் சரி என்றார்.

முதல் சில மாதங்கள் பணம் சொன்ன தேதிக்கு வந்தது. இதுதான் இந்த மோசடியின் உயிர்நாடி. அந்தப் பணம் வண்டி ஓடிச் சம்பாதித்த பணம் இல்லை. வண்டி வந்த வேகத்தில் அதை யாரிடமாவது ஒன்றரை, இரண்டு லட்சத்துக்கு அடகு வைத்துவிடுகிறார்கள். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து நமக்கு வாடகை என்று கொடுக்கிறார்கள். பணம் ஒழுங்காக வருவதைப் பார்த்து நாமே அக்கம்பக்கத்தில் நல்ல வார்த்தை சொல்வோம், அடுத்த வண்டி தானாக வரும். பிறகு ஒரு மாதம் தாமதம், அடுத்த மாதம் பாதி, அதற்கடுத்து "ஓனருங்க பில் பாஸ் பண்ணலீங்கண்ணா", கடைசியில் போன் சுவிட்ச் ஆஃப்.

எனக்குச் சந்தேகம் வந்தது ஃபாஸ்டேக் குறுஞ்செய்திகளால். 2021 பிப்ரவரி நடுவில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அடுத்த மாதம் ஒரு ராத்திரி டோல்கேட் டோல்கேட்டாக வரிசையாக மெசேஜ் வந்தது: விஜயமங்கலம், வைகுந்தம், ஓமலூர், கிருஷ்ணகிரி. திருப்பூரில் கம்பெனி ஆட்களை ஏற்றுகிற வண்டிக்கு நடுராத்திரியில் கிருஷ்ணகிரியில் என்ன வேலை? காலையில் கேட்டால், "அவசர சவாரிங்கண்ணா" என்றான். அதன் பிறகு மெசேஜே வரவில்லை. ஃபாஸ்டேக்கைப் பிய்த்துப் போட்டிருக்க வேண்டும்.

அலுவலகத்துக்குப் போனபோது ஷட்டர் இறக்கியிருந்தது. வாசலில் என்னைப் போலவே ஆர்.சி. நகலோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். அதில் ஒரு அக்கா, கொரோனாவில் கணவரைப் பறிகொடுத்தவர். கணவர் ஓட்டிய எர்டிகா காரைக் கொடுத்திருந்தார். எல்லோர் கையிலும் இருந்த பத்திரத்தில் ஒரே வாசகம், எழுத்துப் பிழைகள்கூட ஒன்றே.

காவல் நிலையத்தில் முதலில் சொன்னது, "இது கொடுக்கல் வாங்கல், கோர்ட்டுக்குப் போங்க." இந்த இடத்தில் பலர் சோர்ந்து திரும்பிவிடுகிறார்கள். இது வெறும் கொடுக்கல் வாங்கல் இல்லை. நம்பி ஒப்படைத்த பொருளை அடகு வைப்பது நம்பிக்கை மோசடி. அப்போது இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 406, ஏமாற்றியதற்கு 420. 2024 ஜூலை 1-இலிருந்து நடந்த குற்றமென்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 316, 318. எங்களுக்கு முதலில் சி.எஸ்.ஆர். ரசீதுதான், அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைதான் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டு மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பினோம். எஃப்.ஐ.ஆர். ஆனது அதற்குப் பிறகுதான். தனியாகப் போனபோது கிடைத்த பதிலும் பத்துப் பேராகப் போனபோது கிடைத்த பதிலும் ஒன்றாக இல்லை. இடையில் மே மாத முழு ஊரடங்கு வந்து எல்லாம் நின்றுபோனது. அவனுக்குத் தப்பிக்க அந்த வாரங்கள் நன்றாக உதவின.

அப்புறம் இன்ஷூரன்ஸ். முழு பாலிசி போட்டிருக்கிறோம், அந்தப் பணமாவது வரும் என்று நினைத்தேன். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் எடுத்தால்தான் சட்டப்படி திருட்டு. சாவியை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், ஆகவே திருட்டு இல்லை என்பது முதல் காரணம். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டது பாலிசி நிபந்தனைக்கு எதிரானது என்பது இரண்டாவது. இது யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயம். வாசலில் நிறுத்திய வண்டியைப் பூட்டை உடைத்து ஓட்டிப்போனால் பணம் கிடைக்க வழி உண்டு. சிரித்துப் பேசி வாங்கிப்போனால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

சட்டப்படி டிரைவர் இல்லாமல் கார் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு என்று தனி உரிமம் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் ரென்ட்-எ-கேப் திட்டப்படி குறைந்தது 50 வண்டிகள் வைத்திருக்க வேண்டும், நம்பர் பிளேட் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தாக இருக்க வேண்டும். உங்களிடம் வருகிறவனிடம் அந்த உரிமத்தைக் கேளுங்கள். பேச்சை மாற்றினால் கதவைச் சாத்துங்கள். கையெழுத்திட்ட வெற்று ஃபாரம் 29, 30 கேட்டால் இன்னும் மோசம். அவை உரிமை மாற்றத்துக்கான படிவங்கள். ஏமாந்தவர்கள் சேர்ந்து வைத்திருக்கிற எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் அப்படிக் கொடுத்தவர் ஒருவருடைய வண்டி வேறு பெயருக்கே மாறிவிட்டது.

சில வண்டிகள் ஓசூர்ப் பக்கம் ஒருவரிடம் அடகில் இருப்பதாகத் தகவல் வந்தது. போய்க் கேட்டவர்களுக்கு, "ஒண்ணேமுக்கால் லட்சம் குடுத்திருக்கேன், காச வெச்சிட்டு வண்டிய எடுத்துட்டுப் போ" என்று பதில். சிலர் நகையை விற்று அந்தப் பணத்தைக் கொடுத்துத் தங்கள் சொந்த வண்டியை மீட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அப்படிக் கொடுக்கிற ஒவ்வொரு லட்சமும் அடுத்த வண்டியை அடகு பிடிக்கத்தான் போகிறது. போலீஸ் பறிமுதல் செய்த வண்டி என்றால் நீதிமன்றத்தில் மனுப் போட்டு இடைக்காலமாக வாங்கிக்கொள்ளலாம். பறிமுதலான வண்டிகளை நிலையத்தில் நிறுத்தி வைத்து வீணாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லியிருக்கிறது. அந்த அக்காவின் எர்டிகா அப்படித்தான் திரும்பி வந்தது.

எங்கள் டிசையர் அந்தக் கூட்டத்தில் இல்லை. கொஞ்ச நாள் கழித்து பெங்களூரில் சிக்னலை மீறியதாக அதற்கு ஓர் அபராதம் விழுந்தது. படத்தைத் திறந்தேன். மழை நனைத்த ரோடு, எங்கள் நம்பர், பின்கண்ணாடியின் இடது மூலையில் பாதி உரிந்த நீல ஸ்டிக்கர். அப்பாவிடம் காட்டினேன். போனைக் கையில் வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கதவுல அடி வாங்கியிருக்குடா" என்றார். அந்தப் படத்தை விசாரணை அதிகாரியிடம் கொடுத்தோம். அதற்குள் வண்டி இன்னும் ஒரு கை மாறியிருந்தது.

இதற்கிடையே இன்னொரு கூட்டமும் வரும், கவனம். "உங்க வண்டி எங்க இருக்குன்னு தெரியும், 30,000 ஜி.பே. பண்ணுங்க, லொக்கேஷன் அனுப்புறேன்" என்று ஒருவன் வாட்ஸ்ஆப்பில் படமும் அனுப்பினான். எங்கள் வண்டிதான், நம்பரும் சரி. ஆனால் கண்ணாடியில் ஸ்டிக்கர் இல்லை. அது வண்டி வாங்கிய புதிதில் நான் பேஸ்புக்கில் போட்ட படம்! வண்டி காணோம் என்று பொதுவில் எழுதும்போது எல்லா அடையாளத்தையும் எழுதிவிடாதீர்கள். ஒன்றையாவது உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், அழைப்பவனிடம் அதைக் கேளுங்கள்.

வீட்டில் அந்த வருடம் எப்படிப் போனது என்று சொல்வது கஷ்டம். இல்லாத வண்டிக்கு மாதாமாதம் இ.எம்.ஐ. கட்டினேன். மனைவியின் செயினை அடகு வைத்துச் சில தவணைகள். அப்பா பல நாள் வாசல் பக்கமே வரவில்லை. சொந்தக்காரர்கள், "படிச்சவன் ஏமாறலாமா" என்றார்கள். பசியில் இருக்கிறவனைத் தேடி வந்து ஏமாற்றுகிறார்கள், பேச்சு மட்டும் ஏமாந்தவன்மேல் திரும்புகிறது. உங்களுக்கு இப்படி நடந்தால் முதல் நாளே மனைவியிடம், பெற்றோரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் வீட்டுக்கு மறைத்து, வெளியில் கடன் வாங்கித் தவணை கட்டி, கடைசியில் இரண்டு கடனோடு நின்றார். எனக்குத் தெம்பு கொடுத்தது அந்த வாட்ஸ்ஆப் குழுதான். ஒருவர் ஸ்டேஷனுக்குப் போவார், ஒருவர் வக்கீலைப் பார்ப்பார், ராத்திரி தூக்கம் வராதவர்கள் பேசிக்கொள்வோம்.

கடன் முடிந்து, பாக்கி இல்லை என்று வங்கியிலிருந்து என்.ஓ.சி. வந்துவிட்டது. வண்டி வரவில்லை. ஆனால் ஆர்.சி. இன்னும் என் பெயரில். அந்த வண்டி யார்மீதாவது மோதினால் இழப்பீட்டு வழக்கு ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்மேல்தான் வரும். உச்ச நீதிமன்றம் 2018-இல் அப்படித்தான் தீர்ப்பளித்திருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனுக் கொடுத்து, வண்டியைப் பெயர் மாற்ற முடியாதபடி, அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் தடை போட வைத்தேன். அதோடு, வக்கீல் சொன்னபடி, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை வருடாவருடம் புதுப்பிக்கிறேன். 1000 சி.சி.க்கு மேல் 1500 வரையுள்ள காருக்கு 2022-இல் நிர்ணயித்த கட்டணம் 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. கண்ணில் படாத வண்டிக்கு அந்தப் பணத்தைக் கட்டும்போது வயிறு எரிகிறது, இருந்தாலும் கட்டுகிறேன். வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்குப் போய் வருகிறோம்.

உங்கள் வண்டி இப்போது இப்படி யாரிடமாவது இருந்தால், பணம் ஒழுங்காக வந்தாலும் சரி, இன்று சாயங்காலமே போன் செய்து வண்டியை நேரில் காட்டச் சொல்லுங்கள். படமும் வீடியோ காலும் வேண்டாம், கண்ணால் பாருங்கள். ஃபாஸ்டேக் கணக்கைத் திறந்து எந்த டோல்கேட்டைக் கடந்திருக்கிறது என்று பாருங்கள். பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு அபராதம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது சாவி கையில் இருந்தால், வண்டியைப் பார்த்த இடத்திலேயே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம். நாளைக்கு, நாளன்னைக்கு என்று இழுத்தால் ஒப்பந்தம், ஆர்.சி. நகல், வாடகை வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்ஆப் உரையாடல் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். அவனிடம் வண்டி கொடுத்த மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். சி.எஸ்.ஆர். ரசீது கையில் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.