ஜூம் மௌனமா, வீட்டு மௌனமா?

குவேக்கர்கள் மௌனமாக உட்கார்ந்து வழிபடும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். 2020 மார்ச்சில் கொரோனாவால் பிரிட்டனில் அவர்கள் வழிபடக் கூடும் கூட்ட இல்லங்கள் பூட்டப்பட்டபோது அவர்கள் முன்னால் இருந்தவை இரண்டு வழிகள்: ஜூமில் சேர்ந்து உட்காருவது, இல்லையென்றால் அதே ஞாயிறு காலை, அதே நேரத்தில் அவரவர் வீட்டில் தனியாக உட்காருவது.

பிரசங்கம் நடக்கும் சபை என்றால் வீடியோ போட்டுச் சமாளித்துவிடலாம். இவர்களுக்குப் பாதிரியார் கிடையாது. சுமார் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே ஏதாவது உந்தினால் ஒருவர் எழுந்து நாலு வார்த்தை பேசுவார், அப்புறம் மறுபடி மௌனம். இதை எப்படி ஒளிபரப்புவது?

ஜூமில் முகம் தெரியும், நடக்க முடியாதவரும் வந்துவிடலாம். ஆனால் மியூட்டில் இருக்கும் மௌனம் வேறு மாதிரி: இருமல் இல்லை, நாற்காலி கிறீச்சிடுவது இல்லை. பேச உந்துதல் வந்தவர் முதலில் பட்டனைத் தேட வேண்டும், மறந்தால் வாய் மட்டும் அசையும். முடிவில் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்கும் வழக்கம் போய், கேமராவைப் பார்த்துக் கையாட்டுவதாகிவிட்டது.

வீட்டு மௌனத்தில் இந்தத் தொல்லை இல்லை, இணையமே இல்லாத பாட்டிக்கும் சரிப்படும். ஆனால் யாராவது பேசினால் கேட்காதே! தனியாக வாழ்பவருக்கு அது இன்னொரு மணி நேரத் தனிமைதான், பிறகு யாராவது போன் செய்தால்தான் உண்டு.

என்னைக் கேட்டால் ஜூம்தான். பர்மிங்ஹாமின் வுட்புரூக் என்ற குவேக்கர் கல்வி மையம் பெருந்தொற்றுக்கு முன்பே இணையவழி வழிபாடு நடத்தியது. இல்லங்கள் திறந்த பிறகும் பல கூட்டங்களில் பெஞ்சுகளோடு ஒரு திரையும் தங்கிவிட்டது.