லாஸ்ட் ஹொரைசன்: வாங்குவதென்றால் 132 நிமிடப் பதிப்பையே வாங்குங்கள்

ஃபிராங்க் காப்ரா இயக்கி 1937இல் வெளிவந்த ‘லாஸ்ட் ஹொரைசன்’ படத்தை முதன்முறையாகப் பார்க்க விரும்புவோர், வெட்டிச் சுருக்கிய பழைய பிரதிகளில் பணத்தைச் செலவிடாமல், மீட்டெடுக்கப்பட்ட முழுநீளப் பதிப்பையே தேடி வாங்க வேண்டும். கடத்தப்பட்ட விமானம் பனிமலையில் விழ, உயிர் தப்பியவர்கள் முதுமை எளிதில் எட்டாத ஷாங்கிரி-லா பள்ளத்தாக்கை அடைகிறார்கள் என்பதே கதை.

இளமை மாறாதிருப்பதைக் காட்ட இப்படம் காயகல்பத்தையோ மந்திரத்தையோ நாடவில்லை. மலைநீரும் உணவும் காரணமாகலாம், ஆனால் போராட்டமற்ற வாழ்க்கையே முதன்மையான காரணம் என்று, வந்தவர்களை அங்கே வரவேற்கும் சாங் என்ற ஆசியர் பொறுமையாக விளக்குகிறார். தலைமை லாமா இருநூறு வயதைக் கடந்தவர். அவராக நடித்த சாம் ஜாஃபிக்கோ அப்போது ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை. அரையிருட்டில் அசையாமல் அமர்ந்து, தாழ்ந்த குரலில் அவர் பேசும்போது, அந்த வயதை நான் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை. பள்ளத்தாக்கை விட்டு வெளியேறும் மரியாவின் இளம் முகம், பனிக்கு நடுவே சுருக்கம் விழுந்த கிழவியின் முகமாகிக் கிடக்கும் காட்சியோ, பார்த்துப் பல நாட்களாகியும் மனத்தை விட்டு அகலவில்லை.

ஸ்டீபன் கூசனின் கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது தகும். ஆனால் சாங் வேடத்தை ஆங்கிலேயரான எச். பி. வார்னருக்குக் கொடுத்ததையும், பள்ளத்தாக்கின் மக்களை ஏவல் செய்வோராக மட்டுமே காட்டியதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

1973இல் தொடங்கிய மீட்புப் பணியில் ஒலித்தடம் முழுவதும் கிடைத்தது. காட்சிகளில் சில நிமிடங்கள் மட்டும் கிடைக்கவில்லை. அந்த இடங்களில் உரையாடல் தொடர்ந்து ஒலிக்க, திரையில் நிழற்படங்கள் நிற்கின்றன. முதல் முறை கண்ணை உறுத்தினாலும், முகங்கள் அப்படியே நிற்கக் குரல்கள் மட்டும் நகர்வது இக்கதைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பிறகு உணர்ந்தேன். அந்தப் பகுதிகளை ஓட்டிவிடாமல், பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே பாருங்கள்.