டோஸ்ட்மாஸ்டர்ஸா, ஜேசீஸா?

நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, ஒரு வேலையைப் பொறுப்பெடுத்து நடத்தவும் தயக்கமாக இருக்கிறது என்று வருகிறவர்களுக்கு நான் இரண்டு இடங்களைக் கைகாட்டுவேன்: மேடைப்பேச்சு பழகும் சங்கமான டோஸ்ட்மாஸ்டர்ஸ், ஊர்ப்பணி செய்தபடியே தலைமை பழகும் இளைஞர் சங்கமான ஜேசீஸ். இரண்டிலும் இருந்திருக்கிறேன். இரண்டுமே அமெரிக்காவில் முளைத்தவை. ஜேசீஸ் 1915-இல் செயின்ட் லூயிஸில் ஹென்றி கீசன்பியர் தொடங்கியது. டோஸ்ட்மாஸ்டர்ஸ் 1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது.

டோஸ்ட்மாஸ்டர்ஸில் எல்லாம் கடிகாரக் கணக்கு. தயாரித்து வந்த பேச்சுக்கு வழக்கமாக 5 முதல் 7 நிமிடம். ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு காட்டுவார்கள். ‘டேபிள் டாபிக்ஸ்’ சுற்றில் தலைப்பைக் காதில் வாங்கிய கையோடு எழுந்து ஒன்றிரண்டு நிமிடம் பேசவேண்டும். நீங்கள் எத்தனை முறை ‘ஆ...’, ‘அது வந்து...’ என்று இழுத்தீர்கள் என்று எண்ணுவதற்கே ஒருவர் இருப்பார். முதல் நாள் எனக்கு 17. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இந்த எண்ணிக்கையை வீட்டிலோ அலுவலகத்திலோ யார் நமக்குச் சொல்லப் போகிறார்கள்? பேச்சு முடிந்ததும் ஒருவர் அதை அலசுவார். அவர் அலசியது சரியா என்று இன்னொருவர் சொல்வார். மற்றவர் பேச்சை அலசும் முறை எனக்கு வந்தபோதுதான் ஒழுங்காகக் காதுகொடுத்துக் கேட்கவே பழகினேன்.

குறை என்னவென்றால், அந்த அறையில் இருப்பவர்கள் எல்லாம் கைதட்டத் தயாராக வந்தவர்கள். சொதப்பினாலும் அடுத்த கூட்டம் இருக்கிறது.

ஜேசீஸில் அந்தச் சலுகை கிடையாது. அங்கேயும் பயிற்சி வகுப்புகள் உண்டு, ஆனால் உண்மையான வகுப்பு வெளியே நடக்கும். ஒருமுறை ரத்ததான முகாம் என் பொறுப்பு. பேனர் அடித்தேன், அழைப்பிதழ் கொடுத்தேன், பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்க மறந்துவிட்டேன். காலை ஏழு மணிக்கு வெறும் மைதானம். சம்பளம் வாங்காத எட்டுப் பேரை, “அண்ணே, கொஞ்சம் வாங்க” என்று போன் போட்டு எழுப்பி, பக்கத்துக் கல்யாண மண்டபத்தைக் கெஞ்சி வாங்கினோம். அதிகாரம் இல்லாமல் ஆட்களை நகர்த்துவது எப்படி என்று அன்றைக்குத் தெரிந்தது. தலைவர் பதவியும் ஓராண்டுதான் என்பதால் புதியவர்களுக்குச் சீக்கிரமே பொறுப்பு வந்து சேரும்.

சரி, அங்கேயும் தொல்லை உண்டு. சால்வை, நினைவுப் பரிசு, மேடையில் இருப்பவர் அத்தனை பேர் பெயரையும் சொல்லி வரவேற்பது என்று பாதி மாலை கரைந்துவிடும். கடிகாரத்துக்குப் பழகியவருக்கு அது பெரிய சோதனை. கைக்காசும் கொஞ்சம் கரையும்.

பேச்சுதான் உங்கள் முட்டுக்கட்டை என்றால் டோஸ்ட்மாஸ்டர்ஸ். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தலைமைப் பண்பு வேண்டும் என்றால் ஜேசீஸ் பக்கம்தான் என் ஓட்டு. டோஸ்ட்மாஸ்டர்ஸிலும் தலைவர், துணைத் தலைவர் பதவிகள் இருக்கின்றன. ஆனால் சங்கத்தை நடத்துவது வேறு, ஊரைக் கூட்டுவது வேறு.

வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜேசீஸில் 18 முதல் 40 வரைதான். டோஸ்ட்மாஸ்டர்ஸுக்கு 18 நிரம்பினால் போதும், மேல் வரம்பு இல்லை. எதில் சேர்வதானாலும் சந்தா கட்டுவதற்கு முன் விருந்தினராக இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஒவ்வொரு மாதிரி.