எட்டு வருஷமாகக் கடையில் ஓடும் மெஷின்களும் ஒரு சிவப்பு நோட்டும்

மடிப்பாக்கத்தில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதுதான் கையால் பில் எழுதுவதை விட்டுவிட்டு கம்ப்யூட்டருக்கு மாறினேன். பில்லிங் சாஃப்ட்வேர், தெர்மல் பிரின்டர், எலெக்ட்ரானிக் தராசு, யூபிஎஸ் எல்லாம் அப்போது வாங்கியவை. க்யூஆர் அட்டையும் சவுண்ட் பாக்ஸும் பிறகு வந்து சேர்ந்தன. புதிதாகக் கடை போடுகிறவர்கள் எந்த மெஷின் நல்லது என்று கேட்கிறார்கள். எதை வாங்கினாலும் ஒருநாள் நிற்கும். அன்றைக்குக் கல்லாவில் இருப்பவர் எப்படி வியாபாரம் பார்ப்பார் என்று முதலில் யோசியுங்கள்.

என்னை உலுக்கிப் போட்டது 2021 பிப்ரவரி. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் உள்ளிருந்து டக், டக் என்று ஒரே தாளத்தில் சத்தம். ஹார்டு டிஸ்க் போய்விட்டது. நான் பதறவில்லை, தினமும் இரவு பென் டிரைவில் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தேன். மைத்துனர் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் கடைசி ஃபைலின் தேதி அக்டோபர்! பென் டிரைவ் நிறைந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஆனால் ஒவ்வொரு இரவும் 'பேக்கப் முடிந்தது' என்று திரையில் வந்துகொண்டுதான் இருந்தது.

சரக்கை அலமாரியைப் பார்த்து எண்ணிவிடலாம். மாசக் கணக்கு வைத்திருந்த 41 வீடுகளின் பாக்கியை எங்கே போய்ப் பார்ப்பது? கொரோனாவில் வேலை போன வீடுகளுக்கு நானே 'அப்புறம் கொடுங்கள்' என்று சொல்லியிருந்தேன். வேறு வழியில்லாமல் வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னேன். பின் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி, கிழித்த தினசரி காலண்டர் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வந்தார். ஒவ்வொரு தாளின் பின்னாலும் அன்று வாங்கியது பென்சிலில் இருந்தது: து.பருப்பு அரை கிலோ, நல்லெண்ணெய் 200. "கூட்டிப் பாரு தம்பி, 2,340 வருது" என்றார். நான் மறந்தே போயிருந்த கடலைமாவு பாக்கெட்டும் அதில் இருந்தது. முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் தாங்களாகவே கணக்குச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து சிவப்பு அட்டை நோட்டு ஒன்று கல்லாவை விட்டு நகர்வதில்லை. கடன் எதுவானாலும் முதலில் அதில் எழுதிவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஞாயிறு மதியம் கடை சாத்தியதும் பேக்கப்பை இன்னொரு லேப்டாப்பில் திறந்து, நேற்றைய கடைசி பில் வருகிறதா என்று பார்க்கிறேன். திறந்து பார்க்காத பேக்கப்பை இப்போது நம்புவதில்லை.

யூபிஎஸ்ஸும் இதே மாதிரிதான். பச்சை விளக்கு எரியும், கரண்ட் போன நொடியில் அதுவும் சேர்ந்து அணையும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு ஆயுள் இரண்டு, மூன்று வருஷம்தான், நம்ம ஊர் வெயிலில் அதற்கும் கம்மி. மாதம் ஒருமுறை பில் எதுவும் திறந்திராத நேரத்தில் சுவிட்சை நிறுத்திப் பார்ப்பேன். பத்து நிமிஷம் தாங்காவிட்டால் பேட்டரியை மாற்றிவிடுவேன்.

தெர்மல் பில்லில் எழுத்து மங்கும், அது பிரின்டரின் குறை இல்லை. தாளில் இருக்கும் பூச்சு சூட்டில் கறுத்துத்தான் எழுத்து வருகிறது, வெயிலும் எண்ணெயும் பட்டால் அது போய்விடும். டிஸ்ட்ரிபியூட்டர் கொடுக்கும் பில்லை வாங்கிய கையோடு போட்டோ எடுத்துவிடுங்கள். ஜிஎஸ்டி கணக்கை ஆறு வருஷத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், தெர்மல் பில் ஆறு மாதம் தாங்கினாலே பெரிது.

2025 ஏப்ரல் 12 சனிக்கிழமை, தமிழ்ப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு, நாடு முழுக்க யூபிஐ தடுமாறியது. வெல்லமும் வேப்பம்பூவும் கையில் வைத்துக்கொண்டு எட்டுப் பேர் நிற்கிறார்கள், சவுண்ட் பாக்ஸ் வாயே திறக்கவில்லை. சிலருக்குப் பணம் போன மாதிரி காட்டியது, எனக்கு வரவில்லை. யாரையும் இரண்டாவது முறை கட்டச் சொல்லவில்லை. பெயர், தொகை, 12 இலக்க ரெஃபரன்ஸ் எண்ணின் கடைசி நாலு எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டேன். கடைக்காரருக்கு உறுதி வராமல் நின்ற பணம் 5 நாளுக்குள் வாடிக்கையாளருக்குத் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி 2019ல் போட்ட விதி. இதைப் பொறுமையாகச் சொன்னாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்டும் இல்லை, டவரும் இல்லை. தராசின் உள் பேட்டரி முதல் நாளோடு சரி. அப்பாவின் கைத்தராசும், முத்திரை புதுப்பித்து வைத்திருந்த எடைக்கற்களும்தான் கைகொடுத்தன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பால் பவுடரும் பிரெட்டும் விற்றேன், எல்லாம் சிவப்பு நோட்டுக் கணக்கில்.

அந்தப் பாட்டி இன்னும் ஒவ்வொரு முதல் தேதியும் காலண்டர் தாள்களோடு வருகிறார். அவர் வாசிக்க வாசிக்க நான் நோட்டில் டிக் போடுகிறேன். கம்ப்யூட்டரை அதற்குப் பிறகுதான் பார்க்கிறோம்.