ஜிம்ப் 3.0: சாமான் அருமை, ஆனா ஏழு வருஷம் எதுக்கு?

காசு குடுக்காம கிடைக்கற போட்டோ எடிட்டர்ல என்னைக் கேட்டா ஜிம்ப் 3.0 தான் பெஸ்ட், இன்ஸ்டால் பண்ணலாமா வேணாமான்னு மட்டும் பாக்க வந்தவங்க தாராளமா பண்ணிட்டு கிளம்பலாம். மத்தவங்க கொஞ்சம் உக்காருங்க. எனக்கு கடுப்பு சாஃப்ட்வேர் மேல இல்ல, அது வந்து சேர்ந்த லட்சணத்து மேல.

மொதல்ல நல்லதைச் சொல்லிடறேன். பேனர், பத்திரிகை, தம்ப்நெயில்னு தமிழ் எழுத்து வெச்சு டிசைன் பண்றவங்களுக்குத் தெரியும், எழுத்தைச் சுத்தி வெள்ளை பார்டர் இல்லாம பாதி வேலை முடியாது. இதுக்கு முந்தின பெரிய வெர்ஷனான 2.10-ல அதுக்கு எழுத்தை செலக்‌ஷனா மாத்தி, அதை நாலஞ்சு பிக்சல் பெருசாக்கி, கீழ புது லேயர் போட்டு, அதுல வெள்ளையை ஊத்தணும். எல்லாம் முடிச்சு அனுப்பினப்புறம் "அண்ணே, திருநிறைச்செல்வில ச் விட்டுப்போச்சு"ன்னு மெசேஜ் வரும், மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பி. 3.0-ல டெக்ஸ்ட் டூலுக்குள்ளயே அவுட்லைன் வந்துடுச்சு, பார்டர் போட்டப்புறமும் எழுத்து எழுத்தாவே இருக்கு, ச் சேத்தா பார்டரும் தானா சேந்துக்குது. இது ஒண்ணுக்காகவே அப்டேட் பண்ணலாம்.

அடுத்து ஃபில்டர். ஷேடோ, ப்ளர் எது போட்டாலும் இப்போ லேயர் பக்கத்துல எஃப்எக்ஸ்னு குட்டி ஐகானா நிக்குது, வேணும்னா அளவை மாத்திக்கலாம், வேணாம்னா தூக்கிடலாம், ஒரிஜினல் படம் பத்திரமா இருக்கும். சந்தோஷம் தான், ஆனா ஒரிஜினலைத் தொடாம கலர் மாத்தற அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டோஷாப்ல 1996-லயே வந்தாச்சு.

இப்போ கடுப்புக்கு வருவோம். 2.8 வந்தது 2012 மே. 2.10 வந்தது 2018 ஏப்ரல். 3.0 வந்தது 2025 மார்ச். ஆறு வருஷம், அப்புறம் ஏழு வருஷம். இதுல எனக்கு வயித்தெரிச்சல் எதுன்னா, ரெண்டு மூணு லேயரை ஒண்ணா செலக்ட் பண்ற வசதி, அது டெவலப்மென்ட் வெர்ஷன் (3.0-க்கு முன்னோட்டமா சோதிச்சுப் பாக்க விடறது) 2.99.2-ல 2020 நவம்பர்லயே இருந்துச்சு. அதாவது புரோகிராம் எழுதி வேலை செஞ்சிட்டிருந்த விஷயம், சாதாரண யூசர் கைக்கு வர நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுவரைக்கும் நாம ஒவ்வொரு லேயரா செயின் ஐகான் போட்டு இழுத்துட்டு இருந்தோம்.

காரணம் என்னன்னா ஜிடிகே 2-லேர்ந்து ஜிடிகே 3-க்கு மாறின வேலை (ஜிடிகேன்னா ஜிம்ப்போட விண்டோ, மெனு, பட்டன் எல்லாத்தையும் திரையில காட்டற லைப்ரரி). அடித்தளத்தையே மாத்தறது, லேசுப்பட்ட வேலை இல்ல, ஒத்துக்கறேன். (ஜிடிகே பொறந்ததே ஜிம்ப்புக்காகத்தான், ஆனா ஜிம்ப் ஜிடிகே 3-க்கு வந்து சேர்றதுக்குள்ள ஜிடிகே 4 வந்தே நாலு வருஷம் தாண்டிடுச்சு. சிரிக்கறதா அழுவறதா தெரியல.) ஆனா அந்த வேலை முடியற வரைக்கும் மத்த எல்லாப் புது வசதியையும் சேத்து ஒரே மூட்டையில கட்டி வெச்சது தான் பிரச்சனை.

இத்தனைக்கும் இவங்களுக்கு வழி தெரியாம இல்ல. 2.10 வந்தப்போ ஒரு நல்ல முடிவு எடுத்தாங்க, முன்னெல்லாம் கடைசி நம்பர் மாறற சின்ன ரிலீஸ்ல பக் திருத்தம் மட்டும் தான், இனிமே அதுலயே புது வசதியும் விடலாம்னு. அதனால 2.10 வந்த அடுத்த மாசமே 2.10.2-ல ஐபோன் போட்டோவோட ஹெச்இஐஎஃப் ஃபார்மட் திறந்துச்சு, 2020-ல 2.10.18-ல டூல்ஸ் எல்லாம் குரூப் ஆச்சு. அந்த ரெண்டு வருஷம் ஜிம்ப் யூஸ் பண்றதே ஜாலியா இருந்துச்சு, அப்புறம் பெரிய வேலை எல்லாம் 2.99 பக்கம் போயிடுச்சு, நமக்கு வந்தது சொற்பம்.

சும்மா குடுக்கறவங்களை கேள்வி கேக்கறியான்னு சிலர் வருவாங்க. நியாயமான கேள்வி தான். ஒரு ரிலீஸ்னா டவுன்லோட் பட்டன் மட்டும் இல்ல, மொழிபெயர்க்கறவங்களுக்காக வார்த்தைகளை மாத்தாம நிறுத்தி வெக்கணும், விண்டோஸ், மேக், லினக்ஸ்னு தனித்தனியா பேக்கேஜ் கட்டணும், டெஸ்ட் பண்ணணும், ரிலீஸ் நோட்ஸ் எழுதணும், இது பூரா ஒரு சின்ன டீம் தலையில, அதுலயும் நிறைய பேர் சொந்த நேரத்துல. இன்னொரு இலவச சாஃப்ட்வேரான லிப்ரே ஆபீஸ் ஆறு மாசத்துக்கு ஒரு ரிலீஸ் விடுதுன்னா அதுக்குப் பின்னாடி சம்பளம் குடுக்கற கம்பெனிங்க இருக்கு. அதனால மாசாமாசம் விடுன்னு நான் கேக்கல, வருஷத்துக்கு ஒரு பெரிய ரிலீஸ் போதும், ரெடியான வசதி ஏறட்டும், ரெடியாகாதது அடுத்த பஸ்ல வரட்டும். லேட்டாக்கினா வேலை ஒண்ணும் குறையறதில்ல, 3.0-க்கு மூணு ரிலீஸ் கேண்டிடேட் (ரிலீஸுக்கு முந்தின சோதனை வெர்ஷன்) விட்டும் ஒரே வாரத்துல 3.0.2-ன்னு பக் திருத்தம் விட வேண்டியதாச்சு, ஏழு வருஷ மாத்தத்தை ஒரே நாள்ல இறக்கினா பின்ன எப்படி.

இன்னொரு சங்கடம் லினக்ஸ்காரங்களுக்கு. டெபியன் 13-ல 3.0.4 இருக்கு, உபுண்டு 24.04-ல இன்னும் 2.10.36 தான், அதுல இருக்கறவங்க ஃப்ளாட்பேக் (எந்த லினக்ஸ்லயும் ஓடற தனி பேக்கேஜ்) போட்டுக்கறது பெட்டர்.

3.0-க்கு அப்புறம் டீமே ரூட்டை மாத்திக்கிட்டாங்க, 3.2-வ ஒரு வருஷத்துக்குள்ள குடுக்கறது தான் இலக்குன்னு சொன்னாங்க. இதைத்தான் 2018-லயே பண்ணியிருக்கணும்.

சாமானுக்கு அஞ்சுக்கு நாலு, ரிலீஸ் பண்ற விதத்துக்கு ரெண்டு. மாறப்போறவங்க ஒண்ணு கவனிங்க, 2.10-க்கு எழுதின பிளகின் (கூடுதல் வசதிக்கு சேத்துக்கற குட்டி புரோகிராம்) அப்படியே 3.0-ல ஓடாது, புது வெர்ஷன் இருக்கான்னு பாத்துட்டு மாறுங்க, 3.0-ல சேவ் பண்ண ஃபைல் 2.10-ல திறக்கும்னும் நம்பாதீங்க, பழசுக்கு ஒரு காப்பி தனியா வெச்சுக்கோங்க.